வீட்டில் வாசிக்க முடியாத புத்தகங்கள்

நான் வேலை செய்கிற பங்களா ஹட்டனிலிருந்து நோட்டன் பிரிட்ஜ் போகிற ரோட்டில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது. முன்பு தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களா. இப்போது கொழும்பு முதலாளி ஒருவர் அதை எடுத்து ஹோட்டலாக நடத்துகிறார். நான் அங்கே மெனேஜர். மெனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அறை கூட்டுகிற பிள்ளை வராத நாளில் நான்தான் கூட்டுவேன். சமையல்காரரை நாங்கள் எல்லாரும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் நான்தான் ரொட்டி சுடுவேன். சாயங்காலம் லயத்து வீட்டுக்கு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இறங்கிப் போனால், படுத்த படுக்கையாக இருக்கிற அப்பாவைத் துடைத்து, சோறு ஊட்ட வேண்டும். ஐம்பது வயதில் எனக்குக் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது.

பங்களா ஹாலில் ஒரு புத்தக அலமாரி. அதில் இருப்பதெல்லாம் வந்து தங்கிய வெள்ளைக்காரர்கள் விட்டுவிட்டுப் போனவை. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் நான்தான் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பேன். அப்படித் துடைக்கும்போதுதான் ஒரு விசயத்தைக் கவனித்தேன். இங்கிலாந்துக்காரர்கள் விட்டுப்போகிற தடித்த புத்தகங்களில் பாதிக்கு மேல் ரஷ்யக் கதைகள். இங்கிலீசில் மொழிபெயர்த்தவை. அடையாளத்துக்கு வைத்த ரயில் டிக்கட்டோ டிசு பேப்பரோ எல்லாவற்றிலும் தொடக்கத்திலேயே நிற்கும். அதற்கு மேல் யாரும் போனதில்லை. ஒருவர் என்னிடமே சொன்னார், "இதை வாசிச்சு முடிக்கணும்னு கல்யாணத்துக்கு முந்தியிருந்தே நினைச்சுக்கிட்டு இருக்கேன்" என்று. கதிர்காமம் கோயிலுக்குப் போவதாக நேர்ந்துகொண்டு வருசா வருசம் தள்ளிப்போடுகிற ஆட்கள் நம் பக்கத்தில் இல்லையா, அந்த மாதிரி. போகும்போது அவரும் மேசை மேல் வைத்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் ஆனி மாத மழையில் வந்து இறங்கிய அந்த அம்மா அப்படி இல்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தனியாக வந்தார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். அவருடைய சூட்கேசைப் படியில் தூக்கி வைக்க நானும் அப்புவும் சேர்ந்து மூச்சு வாங்கினோம். உள்ளே உடுப்பு கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் புத்தகம். இங்கிலீசு இல்லை, எல்லாம் ரஷ்ய எழுத்து.

மாதக் கணக்கில் தங்குகிறவர்களுக்கு மழைக்காலத்தில் வாடகை கம்மி. அதனால்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். காலையில் கண்ணாடி அறையில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, சத்தம் போட்டு வாசிக்கத் தொடங்கினார். நான் கூட்டிக்கொண்டு போகும்போதும் வரும்போதும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் எங்கே கோபம், எங்கே கெஞ்சல் என்று குரலில் தெரிந்தது.

அப்பு குசினியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார், "யாருகிட்டம்மா பேசுறாங்க அவங்க?"

"யாருகிட்டயும் இல்ல. புத்தகம் வாசிக்கிறாங்க."

"இவ்வளவு சத்தமாவா? டீச்சரா இருந்திருப்பாங்க."

அவர் சொன்னது சரிதான். பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி படிப்பித்தவராம். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு டீச்சரம்மா ஆகிவிட்டார்.

மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், தேத்தண்ணி கொண்டுபோய் வைத்த என்னை உட்காரச் சொன்னார். வேலை கிடந்தது. ஆனால் கால் கடுத்ததால் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிறுத்தி நிறுத்தி இங்கிலீசில் பேசுவார், எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக.

"நான் ரஷ்யன் படிக்கப் போறேன்னு சொன்னப்ப எங்கப்பா பயந்துட்டாரு. அவரு பஸ் ஓட்டினவரு. பொண்ணு உளவு வேலைக்குப் போயிருவாளோன்னு அவருக்குப் பயம். எங்க ஊர்ல ரஷ்யப் புத்தகம்னா ஒண்ணு பயப்படுவாங்க, இல்லாட்டி கும்பிடுவாங்க. சும்மா எடுத்து வாசிக்கிற ஆளு ரொம்பக் கொறவு."

அவர் படிப்பித்த வகுப்பில் முதலில் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பிறகு குறைந்தார்கள். கடைசியில் பள்ளிக்கூடம் அந்தப் பாடத்தையே நிறுத்திவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு ஊர் நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டம் நடத்தினார். தபால் கந்தோரில் வேலை செய்தவர், தாதி, பல் வைத்தியர் என்று பலர் வாரா வாரம் வருவார்கள், ரஷ்யக் கதைகளை இங்கிலீசில் வாசித்துப் பேசுவார்கள். நத்தார் பண்டிகைக்கு, கிறிஸ்மஸுக்கு, ஒரு ரஷ்ய நடனக் குழு வருமாம். ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கும்.

"ரஷ்யா உக்ரைன் மேல யுத்தம் தொடங்கினதும் எல்லாம் நின்னு போச்சு. நடனக் குழு வரல. எங்க வட்டத்துல ஒருத்தர் சொன்னாரு, இப்போதைக்கு வேற நாட்டுக் கதை வாசிப்போம்னு. இன்னொருத்தர், செத்துப் போன எழுத்தாளர்மாருக்கும் குண்டு போடுறவனுக்கும் என்ன சம்பந்தம்னு கத்தினாரு. ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து வீடு. இப்ப பேசிக்கிறது இல்ல."

"நீங்க என்னங்க மேடம் சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல. வீட்டுல ஒரு ரூம் காலியா இருந்திச்சு. அத உக்ரைன்லயிருந்து வந்த ஒரு தாய்க்கும் மகளுக்கும் குடுத்தேன்."

வந்த அன்றைக்கு அந்தத் தாய் சாப்பாட்டு அறைக்குள் வந்ததும் அப்படியே நின்றுவிட்டாளாம். சுவர் முழுக்க ரஷ்யப் புத்தகம். நன்றி சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். மறுநாள் மகள் வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டாளாம், அந்தப் புத்தகங்களை வேறு எங்காவது வைக்க முடியுமா, அம்மாவால் அந்த அறையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று.

"எல்லாத்தையும் பெட்டியில கட்டி கராஜில போட்டேன். அதுல எனக்கு வருத்தமே இல்ல. அவங்க வீடு இடிஞ்சு கிடக்கு. என்னோடது வெறும் புத்தகம். ஆனா..." என்று நிறுத்தி, மேசையிலிருந்த புத்தகத்தின் அட்டையைத் தடவினார். "எனக்கு இது இல்லாம இருக்க முடியல. என் வீட்டுல வாசிக்க முடியாதுன்னுதான் இவ்வளவு தூரம் தூக்கிக்கிட்டு வந்தேன். பைத்தியம்னு நினைக்கிறீங்களா?"

நான் நினைக்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னேன்.

எனக்கு எட்டு வயசிருக்கும்போது தமிழருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. கடைத்தெருவில் நெருப்பு வைத்தார்கள். கீழ் லயத்துக்கும் வந்தார்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டுக்குள் ஒளித்து வைத்தது ஒரு சிங்களக் குடும்பம்தான். அந்த வீட்டு அக்கா, நாங்கள் அழாமல் இருக்க மெதுவாக ஒரு சிங்களப் பாட்டுப் பாடுவாள். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். பிறகு எல்லாம் அடங்கி வீட்டுக்கு வந்த பிறகு, ரேடியோவில் சிங்களப் பாட்டு வந்தால் அப்பா உடனே நிறுத்திவிடுவார். ஒரு நாள் நான் அந்தப் பாட்டை வாய்க்குள்ளே முனகிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். "வேணாம்மா" என்றார். திட்டவில்லை. "பாட்டு மேல கோவம் இல்ல. கேட்டா அந்தப் புகை நாத்தம் வருது" என்றார். அந்தச் சிங்களக் குடும்பத்தின் மேல் அவருக்கு உயிர். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். பாட்டு மட்டும் ஆகாது.

டீச்சரம்மா என் பக்கம் திரும்பிக் கேட்டார், "இப்ப அந்தப் பாட்டைக் கேப்பீங்களா?"

"பஸ்ஸுல போட்டா கேப்பேங்க. வீட்டுல போட மாட்டேன்."

"அப்ப இது என்னோட பஸ்" என்றார், கண்ணாடி அறையைக் காட்டி.

நான் சிரித்துவிட்டு எழும்பினேன். துணி காயாமல் கிடந்தது.

அதற்கடுத்த வாரம் றொசல்லப் பக்கம் மண்மேடு சரிந்து ரயில் பாதையை மூடிவிட்டது. எல்ல என்கிற ஊருக்குப் போகிற ரயிலில் வந்த ஒரு சோடி, கைக்குழந்தையோடு, பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து இடம் தேடி அலைந்திருக்கிறது. முதலாளி போன் பண்ணி, பின்னறையைக் கொடு என்றார். தொப்பலாக நனைந்து வந்தார்கள். நான் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். ரஷ்யா.

அந்தப் பையன் கம்ப்யூட்டர் வேலைக்காரன். யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நாட்டை விட்டு வந்து, நாடு நாடாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். மெதுவாக என்னிடம் வந்து, "மத்த கெஸ்ட் யாராச்சும் கேட்டா கசகஸ்தான்னு சொல்லிருங்க" என்றான். நான் தலையாட்டினேன். ஆனால் தாய் குழந்தையிடம் பேசிய முதல் வார்த்தையிலேயே டீச்சரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடி அறையிலிருந்து எழும்பி ஓடி வந்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக நடப்பார் என்று எனக்குத் தெரியாது. ரஷ்யனில் ஏதோ கேட்டார். இரண்டு பேரும் பயந்து போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருடைய ரஷ்யன் நல்ல சுத்தமாம். ஆனால் இப்போது உயிரோடு இருக்கிற யாரும் அப்படிப் பேசுவதில்லையாம். இங்கிலீசில் என்னிடம் சொன்னான்.

டீச்சரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் அப்பு சமைத்த பருப்பைப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே, நான் இருந்ததால் இங்கிலீசில் பதில் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல அடிச்சு வாசிக்க வச்சாங்க. எனக்குப் பிடிக்கல. நான் கொரியன் சீரியல்தான் பாப்பேன்."

டீச்சரம்மா முகம் லேசாக விழுந்தது.

"எங்க போனாலும் இங்கிலீசுக்காரங்க, நீ சின்ன வயசுல டான்ஸ் ஆடினியான்னு கேக்குறாங்க" என்றாள் அந்தப் பெண். "எங்கம்மா டயர் பெக்டரியில வேலை செஞ்சாங்க. நாங்க ஒண்ணும் ஆடல."

"நானும் அதைத்தான் கேக்க இருந்தேன்" என்றார் டீச்சரம்மா. மூன்று பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் பின்னேரம் குழந்தை தூங்கியதும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். மரியாதைக்குத்தான் அவள் வந்து உட்கார்ந்தாள். பையன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே போய் சிகரெட் பற்ற வைத்தான். நான் சன்னல் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் பார்த்தால் அவள் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி நல்ல தூக்கம். எழுப்பட்டுமா என்று நான் கையால் கேட்டேன். டீச்சரம்மா வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு மேலே வாசித்தார். வகுப்பில் ஒரு பிள்ளையும் கவனிக்காவிட்டாலும் பாடத்தை முடிக்கிற டீச்சர் மாதிரி. ஆனால் முகத்தில் குறை ஒன்றும் இல்லை.

அந்த இரண்டு மூன்று நாளும் பங்களா நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பிறகுதான் அந்த அழைப்பு வந்தது.

டீச்சரம்மாவின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த உக்ரைன்காரம்மா தினமும் எங்களுடைய பின்னேரத் தேத்தண்ணி நேரத்துக்கு வீடியோவில் கூப்பிடுவாள். பூனை சாப்பிட்டதா, தோட்டத்தில் தக்காளி எப்படி, இதுதான் பேச்சு. டீச்சரம்மா சிக்னல் கிடைக்கிற மூலையில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு பேசுவார். எனக்கும் அவள் கை காட்டுவாள். மெலிந்த முகம், சின்னதாக வெட்டிய தலைமுடி. அன்றைக்கு அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் குழந்தை அழுதது. அந்த ரஷ்யப் பெண் தாலாட்டுப் பாடத் தொடங்கினாள். கதவு திறந்திருந்தது.

போனில் அந்த முகம் அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"யாரு அங்க?" என்று கேட்டாள்.

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். "ஒரு ரஷ்யப் பொண்ணு. கைக்குழந்தை வச்சிருக்கா. மழையில மாட்டிக்கிட்டு வந்தாங்க."

"சரி. அடுப்புல சமையல் வச்சிருக்கேன்" என்று சொல்லி அவள் கட் பண்ணிவிட்டாள்.

மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீச்சரம்மா கூப்பிட்டால் மணி மட்டும் அடித்தது. அந்த ரஷ்யப் பெண் ஒன்றும் தெரியாதவள் இல்லை. நடந்ததை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். பாதை இன்னும் திறக்கவில்லை. இருந்தும் நானு ஓயா ஸ்டேஷன் வரை போக ஒரு வேன் பிடித்துத் தரச் சொன்னார்கள். கிளம்பும்போது அவள் டீச்சரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரஷ்யனில் ஏதோ சொல்லி அழுதாள். டீச்சரம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். வேன் போன பிறகு நான் கேட்டேன், என்ன சொன்னாள் என்று.

"என்னால உங்க வீட்டுல சண்டை வந்திருச்சுன்னு சொன்னா. உன் பிள்ளைக்கு நீ பாடினே, அவ்வளவுதான்னு சொன்னேன்."

அதன் பிறகு அவர் புத்தகத்தைத் தொடவில்லை. மேசையில் புத்தகம் மூடியபடி கிடக்கும், பக்கத்தில் அவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்பு வைத்த சாப்பாடு அப்படியே திரும்பி வரும். நான் கொத்தமல்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்.

"பொய் சொல்லியிருக்கணுமோ?"

எனக்கும் அன்று உடம்பு முடியவில்லை. முதல் நாள் இரவெல்லாம் அப்பாவுக்கு இருமல். "தெரியலைங்க மேடம்" என்றேன்.

"நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"ரேடியோன்னு சொல்லியிருப்பேங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. "எனக்குத் தோணவே இல்லையே" என்றார்.

கடைசியில் டீச்சரம்மாவையும் உக்ரைன்காரம்மாவையும் மறுபடி பேச வைத்தது ஒரு தண்ணிக் குழாய்தான். ஒரு பின்னேரம் போன் அடித்தது. மகள். சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் உடைந்து, வீடெல்லாம் தண்ணீர். எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரியவில்லை. டீச்சரம்மா எழும்பி நின்று, கையால் காட்டிக் காட்டி, இடப்பக்கம், இன்னும் கீழே, இல்லை அதற்குப் பின்னால் என்று கத்தினார். தாய் தோள்வரை நனைந்து, தரையில் படுத்துக்கொண்டு திருகினாள். ஒரு வழியாகத் தண்ணீர் நின்றது. மகள் வாளி எடுக்கப் போனாள். தாய் தரையிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். போனை வைக்கவில்லை.

நான் போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் கதவடியில் நின்றேன்.

அவள் உடைந்த இங்கிலீசில் பேசினாள். "நீங்க அந்த ஆளுங்களோட பேசினதுக்கு எனக்குக் கோவம் இல்ல."

"அப்ப ஏன் போன எடுக்கல?"

"அவ பாடின பாட்டு எனக்குத் தெரியும். எங்கம்மா எனக்குப் பாடினது. எங்க வீட்டுலயும் நாங்க ரஷ்யன்தான் பேசினோம். நான் என் மகளுக்கும் அதைத்தான் பாடினேன்." முகத்தில் வழிந்த தண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "இப்ப வாயைத் தொறந்தா அந்தப் பாஷை வருது. வேற பாஷையில பாட எனக்குத் தாலாட்டே தெரியாது. உங்க புத்தகங்களப் பாத்தா எனக்கு விளங்கும். வாசிச்சா எல்லாம் விளங்கும். அதான் என்னால அந்த ரூம்ல உக்கார முடியல."

டீச்சரம்மா போனுக்குக் கிட்டக் குனிந்தார். "ஈர உடுப்போட இருக்காதே, போய் மாத்து" என்றார். அவள் சரி என்றாள். இரண்டு பேரும் மாறி மாறிச் சரி சரி என்று சொல்லிக்கொண்டே வைத்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழவும் அலுப்பாக இருந்தது. குசினிக்குப் போய் அப்புவிடம், இன்றைக்கு அந்த அம்மா சாப்பிடுவார், சூப் வையுங்க என்றேன். சாப்பிட்டார்.

மிச்ச நாட்களில் அவர் கொஞ்சமாகத்தான் வாசித்தார். சத்தமில்லாமல், சாதாரண ஆட்கள் வாசிக்கிற மாதிரி. போகிற அன்று மழை விட்டிருந்தது. எனக்கு ஒரு புத்தகம் தந்து, இது சின்னக் கதைகள், இங்கிலீசில் இருக்கிறது, முடிந்தால் வாசியுங்கள் என்றார். நான் வாங்கிக்கொண்டேன். படுக்கும்போது எடுத்தால் இரண்டு பக்கத்துக்குள் கண் சொருகிவிடுகிறது. அதில் ஒரு கதை மட்டும் முழுதாக வாசித்தேன். நோயாளிக் கணவனைப் பார்த்துக்கொள்கிற ஒருத்தியின் கதை. அவள் செய்கிற வேலையெல்லாம் நான் செய்கிற வேலை. எழுதினவர் அவளை அழகாக்கவும் இல்லை, பாவம் பார்க்கவும் இல்லை. டீச்சரம்மாவுக்கு இதெல்லாம் ஏன் பிடித்தது என்று கொஞ்சம் விளங்கியது போல் இருந்தது.

கார்த்திகை மாதத்தில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தாயும் மகளும் அதே ஊரில் தனி வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஞாயிறு தோறும் டீச்சரம்மாவைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்களாம். சாப்பாட்டு அறைச் சுவர் காலியாகவே இருக்கிறதாம். புத்தகங்களைத் திரும்ப எடுத்து வைக்கலாம், யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனால் அந்தத் தாய் என்றைக்காவது இந்த வீட்டுக்குச் சாப்பிட வருவாள் என்று நினைத்தால் கை எழவில்லை என்று எழுதியிருந்தார். பழைய வாசிப்பு வட்டத்தில் அந்தத் தாதியம்மா மட்டும் மறுபடி வருகிறாராம். தாதியம்மாவுடைய குசினியில் உட்கார்ந்து இரண்டு பேரும் வாசிக்கிறார்களாம்.

அந்தச் செய்தி வந்தபோது நான் அப்பாவுக்குச் சோறு குழைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். என்ன எழுதுவது என்று நிறைய யோசித்தேன். "சந்தோசம் மேடம். உடம்பப் பாத்துக்குங்க" என்று மட்டும் இங்கிலீசில் எழுதி அனுப்பினேன். சந்தோசமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை.